பெயரில்தான் உயிரியல், படிக்க வேண்டியது கணிதம்

ஆசிரியர் அவர்களுக்கு,

சாதாரண தரப் பெறுபேறு வந்த கையோடு வன்னியில் வீட்டுக்கு வீடு ஒரே பேச்சுத்தான். உயர்தரத்துக்குப் பிள்ளையை எந்தப் பிரிவில் விடுவது, பயோவா (உயிரியல்), மட்ஸா (கணிதம்), ரெக்கா (தொழில்நுட்பம்)? இந்தப் பேச்சில் அண்மைக்காலமாக அடிபடும் சொல் ‘பயோமெடிக்கல் இஞ்சினியரிங்’. தமிழில் உயிர்மருத்துவப் பொறியியல், அதாவது மருத்துவக் கருவிகளை உருவாக்கிப் பராமரிக்கும் துறை. “மருத்துவம் கிடைத்தால் மருத்துவம், கிடைக்காவிட்டால் பயோமெடிக்கல். எதற்கும் பயோவையே எடுத்து வைப்போம்” என்று பெற்றோரும், சில இடங்களில் ஆசிரியர்களும் சொல்கிறார்கள். அந்தக் கணக்குப் பிழை. பிழை தெரியவரும்போது பிள்ளைக்கு இரண்டு வருடம் போயிருக்கும் என்பதால்தான் இதைச் சற்று விரிவாக எழுதுகிறோம்.

இலங்கையில் பொறியியல் பீடத்துக்குள் போக உயர்தரத்தில் இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் மூன்றும் வேண்டும். உயிர்மருத்துவப் பொறியியலும் பொறியியல் பட்டமே. உயிரியல் பிரிவில் மூன்று ஏ எடுத்த பிள்ளைக்கும் அந்தக் கதவு திறக்காது. அடுத்த தடவை பிரிவு மாறி எழுதலாம்தான், ஆனால் இணைந்த கணிதத்தை அடியிலிருந்து தொடங்க வேண்டிவரும். அது ஆறு மாத ரியூசனில் முடிகிற பாடமல்ல. உடலியங்கியலும் உடற்கூற்றியலும் தேவையில்லையா என்றால், தேவைதான். அவற்றைப் பல்கலைக்கழகத்திலேயே தேவையான அளவுக்குக் கற்பிப்பார்கள். வகையீடும் தொகையீடும் தெரியாமல் வருகிற பிள்ளைக்கு அங்கே அடியிலிருந்து சொல்லிக்கொடுக்க ஆளில்லை.

ஏன் கணிதம்? குருதியில் ஒக்சிசன் எத்தனை வீதம் என்று காட்ட விரலில் மாட்டுகிற ஒக்சிமீற்றரை எடுத்துக்கொள்வோம். கொவிட் காலத்தில் ஊர்க்கடை வரை வந்த சின்னச் சாமான் அது. அதனுள்ளே இரண்டு ஒளிவிளக்குகள் இருக்கின்றன. ஒன்று ஏறத்தாழ 660 நனோமீற்றர் சிவப்பு, மற்றது 940 நனோமீற்றர் அகச்சிவப்பு. ஒக்சிசன் ஏறிய குருதி அகச்சிவப்பைக் கூடுதலாகவும், ஒக்சிசன் இறங்கிய குருதி சிவப்பைக் கூடுதலாகவும் உறிஞ்சும். விரலைக் கடந்துவரும் ஒளியில் நாடித் துடிப்போடு ஏறி இறங்கும் பகுதியை, அசையாமல் நிற்கும் பகுதியால் வகுக்க வேண்டும். இதை இரண்டு நிறத்துக்கும் செய்து, சிவப்பில் வந்ததை அகச்சிவப்பில் வந்ததால் மறுபடி வகுத்தால் ஒரு விகிதம் கிடைக்கும். பாடப்புத்தகங்களில் வரும் அண்ணளவான சூத்திரம், 110இலிருந்து அந்த விகிதத்தின் 25 மடங்கைக் கழிப்பது. விகிதம் 0.5 என்றால் 97.5 வீதம். விகிதம் 1 என்றால் 85 வீதம்.

இந்த 85ஐக் கவனியுங்கள். நோயாளி கையை ஆட்டினாலோ, கவ்வி சரியாகப் பொருந்தாமல் வெளி வெளிச்சம் புகுந்தாலோ, இரண்டு நிறத்திலும் ஒரே அளவு குழப்பம் ஏறும். இரண்டிலும் ஒரே அளவு என்றால் விகிதம் 1ஐ நோக்கிப் போகும், திரையில் 85 வரும். அதாவது ஒரு ஒக்சிமீற்றர் ஆளுக்கு ஆள் மாற்றினாலும் 85ஐச் சுற்றியே நின்றால், முதலில் பார்க்க வேண்டியது கவ்வியையும் வயரையும். இதை ஒருவர் மனப்பாடம் செய்து வைத்திருக்கலாம். ஏன் 80 அல்ல, ஏன் 90 அல்ல என்று சொல்லத் தெரிந்தவர்தான் பொறியியலாளர். மருதாணியும் நகப்பூச்சும் அளவீட்டைக் குழப்பலாம். கருந்தோலில் இந்தக் கருவி உண்மை அளவைவிடச் சற்றுக் கூட்டிக் காட்டக்கூடும் என்பதும் இப்போது நன்கு அறியப்பட்ட குறை. நம்மவர் அதிகம் கவனிக்க வேண்டிய விடயம் அது.

இந்தக் கருவியின் அடிப்படையை 1970களின் முற்பகுதியில் கண்டுபிடித்த ஜப்பானியர் தக்குவோ அயோயாகி ஒரு பொறியியலாளர். சி.ரி. ஸ்கானை உருவாக்கி 1979இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு பெற்ற ஹவுன்ஸ்ஃபீல்ட், மின்பொறியியல் டிப்ளோமா படித்தவர். அவரோடு பரிசைப் பகிர்ந்துகொண்ட கோமக் ஒரு பௌதிகவியலாளர். மருத்துவப் பரிசு வாங்கிய இருவரில் ஒருவர்கூட மருத்துவப் பட்டம் பெறவில்லை. (மருத்துவம் கிடைக்காதவர்களுக்கான ஆறுதல் பரிசாக இந்தத் துறையைப் பேசுகிறவர்களுக்காக இதைச் சொல்லி வைக்கிறோம்.)

இனி வன்னிக்கே உரிய ஒன்றைப் பார்ப்போம். காரணம் தெளிவாகாத சிறுநீரக நோய் வடமத்திய மாகாணத்தோடு நிற்காமல் வவுனியா, முல்லைத்தீவு மாவட்டங்களின் பகுதிகளையும் தொட்டிருக்கிறது. சிறுநீரகம் செயலிழந்தவரின் குருதியை மிசினால் சுத்திகரிக்கும் டயலிசிஸ் என்றால் எல்லோர் கண்ணும் மிசினிலேயே நிற்கும். துறைக்குள் இருப்பவர் முதலில் சுவருக்குப் பின்னால் இருக்கும் தண்ணீர் அறைக்குத்தான் போவார்.

கணக்கைப் பாருங்கள். மிசினுக்குள் நிமிடத்துக்கு 500 மில்லிலீற்றர் சுத்திகரிப்புத் திரவம் ஓடுகிறது. நான்கு மணித்தியாலத்துக்கு 120 லீற்றர். வாரம் மூன்று தடவை என்றால் 360 லீற்றர். நாளுக்கு இரண்டு லீற்றர் குடிக்கும் ஒருவர் வாரம் முழுவதும் உள்ளே எடுப்பது 14 லீற்றர்தான், அதுவும் குடலைக் கடந்து போகும். இங்கே குருதிக்கும் தண்ணீருக்கும் நடுவே இருப்பது ஒரு மெல்லிய சவ்வு மட்டுமே. ஆகவே குடிக்க நல்ல தண்ணீர் டயலிசிஸுக்கு நல்ல தண்ணீராகாது.

வன்னியின் கிணற்று நீரும் குழாய்க்கிணற்று நீரும் பெரும்பாலும் வன்னீர். கேத்தில் அடியில் வெள்ளையாகப் படிவதை எல்லோரும் பார்த்திருப்போம். புளோரைட்டு கூடிய இடங்களும் உண்டு. இந்த நீர் மணல் வடி, மென்னீராக்கி, இரண்டு கரித்தாங்கிகள், 5 மைக்ரோன் வடி என்று கடந்து, அழுத்தத்தின் கீழ் நீரை விட்டு உப்புகளைத் தடுக்கும் ஆர்.ஓ. மென்படலத்துக்கு வருகிறது. ஒவ்வொரு படியும் பழுதாகும் விதம் வேறு வேறு. மென்னீராக்கியில் உள்ள பிசின் மணிகள் கல்சியத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு சோடியத்தை விடும். பிடிக்க இடம் தீர்ந்ததும் உப்புக் கரைசலால் கழுவிப் புதுப்பிக்க வேண்டும். உப்புத் தொட்டியில் உப்புப் போட ஒருவர் மறந்தால் கல்சியம் நேரே மென்படலத்தில் போய்ப் படியும், அழுத்தம் ஏறும், வெளிவரும் நீர் குறையும். மென்படலமும் கைவிட்டால் நோயாளிக்குக் குமட்டல், வாந்தி, தலையிடி, குருதி அமுக்கம் ஏறுதல் என்று தொடங்கும். நாள் முடிவில் வன்தன்மையைச் சோதிப்பது வழக்கம். பகல் முழுக்க உழைத்த பிசின் களைத்திருக்கும் நேரம் அதுதான்.

கரித்தாங்கியின் வேலை குளோரினையும், அது அமோனியாவோடு சேர்ந்து உண்டாகும் குளோரமைனையும் பிடிப்பது. ஆர்.ஓ. மென்படலம் அவற்றை நம்பத்தக்க அளவில் நிறுத்தாது. போதாததற்குக் குளோரின் மென்படலத்தையே அரித்துவிடும். கோடையில் கிணறு வற்றி பவுசர் தண்ணீருக்கு மாறும்போது இந்த ஆபத்து சட்டென்று ஏறும். ஏனெனில் குளோரின் இல்லாத கிணற்று நீருக்குப் பழகிய ஒழுங்கில் திடீரென்று குளோரின் போட்ட நீர் வருகிறது. குளோரமைன் குருதிக்குள் போனால் செங்குழியங்கள் உடையும். மொத்தக் குளோரின் லீற்றருக்கு 0.1 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. சோதனை மாதிரியை முதல் தாங்கிக்கும் இரண்டாம் தாங்கிக்கும் இடையில் எடுப்பார்கள். முதலாவது தோற்றுவிட்டது என்று தெரியும் நேரத்தில் இரண்டாவது இன்னும் காத்துக்கொண்டிருக்க வேண்டும் என்பதுதான் காரணம். ஒவ்வொரு முறை நோயாளிகளை ஏற்றுமுன்னும் இந்தச் சோதனை நடக்க வேண்டும்.

பிறகு பற்றீரியா. சுத்தமான நீர் சுற்றும் குழாயில் பாவிக்காத ஒரு கிளை இருந்தால் அதற்குள் நீர் தேங்கி, பற்றீரியா படையாக ஒட்டி வளரும் உயிர்ப்படலம் பிடிக்கும். நீரில் மில்லிலீற்றருக்கு 100 பற்றீரியாக் குடியிருப்புகளுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்பது சர்வதேச வரையறை, 50 வந்ததுமே நடவடிக்கை எடுக்க வேண்டும். புதிய கட்டடம் கட்டும்போது பிளம்பர் “பிறகு தேவைப்படும்” என்று விட்டுவைக்கும் அரை அடிக் குழாய்தான் பல வேளை இந்தத் தலைவலியின் ஊற்று. பிசின் அயன் மாற்றம், பிரசாரண அமுக்கம், பாய்ம ஓட்டம் எல்லாம் உயர்தர இரசாயனவியலிலும் பௌதிகவியலிலும் வருபவை. பாடமாக்கி எழுதிவிட்டு மறந்துபோகிற அதே பாடங்கள்.

மின்சாரத்தின் பக்கம் வன்னியின் பகை வறண்ட மண். ஏர்த் கம்பியை மாரியில் நட்டு மாரியில் அளந்தால் அருமையான எண் வரும். ஆவணி, புரட்டாதியில் நிலம் பாளம் பாளமாக வெடித்த பிறகு அளந்தால்தான் உண்மை தெரியும். தடை கூடியிருந்தால் கம்பியை ஆழமாக இறக்குவது, இன்னும் இரண்டு கம்பிகளை இடைவெளி விட்டு நட்டு இணைப்பது, குழியில் ஈரத்தைப் பிடித்துவைக்கும் பென்ரனைற் களி இடுவது ஆகியவை வழிகள். மருத்துவ மிசின் ஒன்றின் உடலுக்கும் பிளக்கின் ஏர்த் முளைக்கும் இடையில் தடை, வயரையும் சேர்த்து, 0.2 ஓமைத் தாண்டக் கூடாது. இதயத்தோடு நேரே தொடுக்கப்படும் கருவிகளிலிருந்து நோயாளிக்குக் கசியும் மின்னோட்டம் வழமையான நிலையில் 10 மைக்ரோஅம்பியருக்குள் இருக்க வேண்டும். உடலின் மேலால் மட்டும் தொடுபவற்றுக்கு 100 வரை போகலாம். தோல் தருகிற தடை இதயத்துக்குள் போன வயருக்கு இல்லை என்பதே இந்தப் பத்து மடங்கின் காரணம். இவ்வளவு நுட்பமாகக் கணக்குப் பார்த்துச் செய்த மிசினை, சுவரில் பொருத்தம் இல்லை என்று இருமுள் அடாப்டரில் செருகினால் ஏர்த்தே இல்லாமல் போய்விடும். திரை எரியும், மிசின் வேலை செய்யும், யாருக்கும் தெரியாது.

சோளகம் வீசும் மாதங்களில் தூசு. காற்றிலிருந்து ஒக்சிசனைப் பிரித்துத் தரும் ஒக்சிசன் கொன்சன்ரேற்றரின் பின்புற வடியை வாரம் ஒரு தடவை கழுவி, நன்றாகக் காயவிட்டுப் போட வேண்டும். ஈரத்தோடு போட்டால் உள்ளே நைதரசனைப் பிடிக்கும் சியோலைற் மணிகள் நீரைப் பிடித்துக்கொண்டு நைதரசனை விட்டுவிடும். 93 வீதம் தர வேண்டிய மிசின் 80க்கு இறங்கும். அவசரத்துக்கு என்று மாதக்கணக்கில் மூலையில் மூடி வைத்த மிசினும் மாரி ஈரத்தில் இப்படித்தான் கெடும். இடைக்கிடை சில மணித்தியாலம் ஓடவிட வேண்டும்.

சரி, எங்கே படிப்பது? மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் இலத்திரனியல், தொலைத்தொடர்புப் பொறியியல் துறை உயிர்மருத்துவப் பொறியியலில் நான்காண்டுச் சிறப்புப் பட்டம் நடத்துகிறது. கொத்தலாவலை பாதுகாப்புப் பல்கலைக்கழகத்திலும் இந்தப் பட்டம் உண்டு, கட்டணம் கட்டிப் படிக்கும் பகல்நேர மாணவருக்கும் இடமுண்டு. இடங்கள் குறைவு. அதனால் இந்தப் பெயர் கொண்ட பட்டம் கிடைத்தால்தான் துறைக்குள் போகலாம் என்று நினைக்கத் தேவையில்லை. மின், இலத்திரனியல் பொறியியல் படித்துவிட்டு இதற்குள் வந்தவர்களே உலகம் முழுவதும் அதிகம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில், ஏ9 வீதியோரம் இருக்கிறது. அங்கே மின், இலத்திரனியல் துறையோ கணினிப் பொறியியலோ எடுத்து, இறுதியாண்டு ஆய்வுத்திட்டத்தை மருத்துவக் கருவி ஒன்றில் செய்தால் அதுவும் நேர்வழிதான். பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்டம், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு மேலதிகம் என்பது தெரிந்ததே. மன்னார், வவுனியா, முல்லைத்தீவு, கிளிநொச்சி நான்கும் அந்தப் பின்தங்கிய பட்டியலில் உள்ளவை. கணிதப் பிரிவில் பிள்ளைகள் குறைந்தால் இந்தச் சலுகையைப் பாவிக்க ஆளில்லாமல் போகும்.

தொழில்நுட்பப் பிரிவுப் பிள்ளைகளுக்கும் இடமிருக்கிறது. பொறியியல் தொழில்நுட்பவியலும் தொழில்நுட்பத்துக்கான விஞ்ஞானமும் எடுத்தவர்கள் பொறியியல் தொழில்நுட்பப் பட்டத்துக்குப் போகலாம். கொழும்புப் பல்கலைக்கழகத் தொழில்நுட்ப பீடத்தின் கருவியியல், தன்னியக்கத் துறை இந்த வேலைக்கு மிக அண்மையானது. உயர்தரம் சரிவராத பிள்ளைக்கு அறிவியல் நகரிலேயே இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகம் இருக்கிறது. மின், இலத்திரனியல் சார்ந்த என்.வி.கியூ. (தேசிய தொழில் தகைமை) சான்றிதழோடு வெளிவருபவர், ஒரு வைத்தியசாலையில் இன்று கைகொடுக்கக்கூடிய ஆள். சொல்லப்போனால், பழுதாகும் மிசின்களில் பெரும்பகுதி பியூஸ், வயர், பற்றரி, வடி, ரப்பர் வளையம் என்ற அளவிலேயே பழுதாகிறது. அதற்குப் பட்டம் வேண்டாம், முறையான கை வேண்டும்.

இனி ஏமாறக்கூடிய இடம். ‘பயோமெடிக்கல் சயன்ஸ்’ என்று ஒரு பட்டம் தனியார் நிறுவனங்களில் விளம்பரப்படுத்தப்படுகிறது. அது உயிரியல் படித்தவர்களுக்கானது, ஆய்வுகூடத்தையும் நோயியலையும் சார்ந்தது. கெட்ட படிப்பு அல்ல, ஆனால் அதை முடித்தவர் பொறியியலாளர் ஆக மாட்டார். பிரித்தானியாவில் ‘பயோமெடிக்கல் சயன்ரிஸ்ற்’ என்பது ஆய்வுகூடத் தொழிலுக்கான, சட்டம் பாதுகாக்கும் பட்டப்பெயர். மிசினோடு வேலை செய்பவருக்கு அது பொருந்தாது. காணி ஈடு வைத்துக் கட்டணம் கட்டுமுன் கடைசிச் சொல் சயன்ஸா, இஞ்சினியரிங்கா, ரெக்னோலொஜியா என்று ஒரு தடவை உரக்க வாசித்துப் பாருங்கள். உயிரியல் பிரிவில் ஏற்கெனவே இருக்கும் பிள்ளை மருத்துவக் கருவிகளோடு வாழ விரும்பினால் கதிரியக்கவியல், மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம், இயன்மருத்துவம் என்று அரச பல்கலைக்கழகங்களிலேயே நல்ல வழிகள் உண்டு.

வெளிநாட்டுப் பட்டமானால், பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ளும் வாஷிங்டன் உடன்படிக்கையைக் கேளுங்கள். இலங்கைப் பொறியியலாளர் நிறுவனம் 2014இலிருந்து அதன் முழு உறுப்பினர். இந்தியாவும் அதே ஆண்டில் சேர்ந்தது. ஆனால் தமிழ்நாட்டில் பி.இ. என்று போட்ட எல்லாப் பட்டமும் அதற்குள் வராது. அங்குள்ள தேசிய மதிப்பீட்டுச் சபை முதலடுக்கு நிறுவனமாக ஏற்றுக்கொண்ட இடத்தில், அந்தக் குறிப்பிட்ட பாடநெறிக்கே அங்கீகாரம் இருக்க வேண்டும். கல்லூரிக்கு அங்கீகாரம் இருக்கிறது என்ற பதில் போதாது. எந்தப் பாடநெறிக்கு, எந்த ஆண்டு வரை என்று எழுத்தில் வாங்குங்கள். 2017ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த இலங்கைப் பொறியியல் பேரவையில் பதியும்போது இந்தக் கேள்வி திரும்பி வரும்.

படித்து முடித்தவருக்கு என்ன வேலை? சுகாதார அமைச்சின் கீழ் கொழும்பில் உயிர்மருத்துவப் பொறியியல் சேவைகள் பிரிவு இயங்குகிறது. அரச வைத்தியசாலைகளுக்கான உபகரணங்களின் விவரக்குறிப்பு எழுதுதல், கொள்வனவு, பராமரிப்பு எல்லாம் அதன் வழியே போகும். எண்ணிக்கையில் அதிக வேலை இருப்பதோ மிசின் இறக்குமதி செய்யும் கம்பனிகளில். பொருத்துவது, தாதியருக்குப் பழக்குவது, காலத்துக்குக் காலம் பராமரிப்பது, நள்ளிரவில் வரும் அழைப்புக்கு ஓடுவது. சாரதி அனுமதிப்பத்திரமும் சிங்களமும் இல்லாதவருக்கு இந்த வேலை கடினம். ஆங்கிலமில்லாமல் பட்டமே கடினம், சேவைக் கையேடுகள் எல்லாம் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையில் மருத்துவ சாதனங்களையும் பதிய வேண்டும் என்பதால், அந்தக் கோப்புகளைத் தயாரிக்கத் தெரிந்தவர்களுக்கும் கிராக்கி உண்டு. ஸ்கான் படங்களைக் கையாளும் மென்பொருள் எழுதுவது இன்னொரு பக்கம். வீட்டிலிருந்தே செய்யலாம் என்பதால் வன்னிக்கு வசதி.

செயற்கை அவயவம் தனித் துறை. ராகமையில் அதற்கென்றே ஒரு பயிற்சிப் பாடசாலை இருக்கிறது, மூன்றாண்டு டிப்ளோமா. போர் முடிந்து இவ்வளவு காலத்தின் பின்னும் இதை வன்னியில் பேச வேண்டியிருக்கிறது. செயற்கைக் கால் ஒரு தடவை போட்டால் முடிகிற காரியமில்லை. எஞ்சிய காலின் தசை காலப்போக்கில் மெலியும், அதைப் பிடித்திருக்கும் கிண்ணம் தளரும், தளர்ந்த கிண்ணம் தோலை உரசிப் புண்ணாக்கும். சில வருடங்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், வளரும் பிள்ளைக்கு இன்னும் அடிக்கடி. பாதத்தின் தெரிவும் முக்கியம். மரக்கட்டையை நடுவே வைத்த பாதம் வயல் சேற்றில் நின்றால் நீர் புகுந்து உழுத்துப்போகும். 1968இல் ஜெய்ப்பூரில் உருவான ரப்பர் பாதம் வெறுங்காலோடு சேற்றில் இறங்கவும், குந்தியிருக்கவும், சம்மாணம் கட்டவும் பொருந்தியது. மேலைநாட்டுப் பாதம் சப்பாத்துக்காகச் செய்தது. யார், எந்த நிலத்தில், என்ன வேலை செய்கிறார் என்று கேட்காமல் அவயவம் வடிவமைக்க முடியாது. அதைக் கேட்கத் தமிழ் தெரிந்த ஆள் வேண்டும்.

உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேறு வரும்வரை வீட்டிலிருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேலை சொல்கிறோம். ஒரு மல்ரிமீற்றர், 30 வாற்று அளவில் பற்றாசு வைக்கும் கருவி, ஆடினோ என்ற சின்னக் கணினிப் பலகை ஒன்று, ஏ.டி.8232 என்ற ஈ.சி.ஜி. சில்லுப் பலகை, மூன்று ஒட்டும் மின்வாய்கள். கொழும்பிலிருந்து தபாலில் எடுக்கலாம். மின்வாய்களை வலது, இடது தோளுக்குக் கீழும், வயிற்றின் வலது பக்கம் விலாவுக்குக் கீழும் ஒட்டி, செக்கனுக்கு 250 தடவை வாசித்து வரைபடமாக்கினால் உங்கள் இதயம் திரையில் ஓடும். இரண்டு உச்சிகளுக்கு இடையில் 0.8 செக்கன் என்றால் நாடி 75. கட்டாயமான விதி ஒன்று: மடிக்கணினியின் சார்ஜரைச் சுவரிலிருந்து கழற்றி, பற்றரியில் மட்டும் ஓட்ட வேண்டும். மார்பில் மின்வாய் ஒட்டியபடி 230 வோல்ற்றோடு தொடர்பு வைக்கக் கூடாது. பற்றரியில் ஓட்டினாலும் திரையில் ஒரு மெல்லிய அதிர்வு எஞ்சியிருக்கலாம். அது சுற்றியுள்ள வீட்டு மின்கம்பிகளிலிருந்து வந்த 50 ஹேர்ட்ஸ். இதயத்தின் சைகை தோலில் ஏறத்தாழ ஒரு மில்லிவோல்ற்று மட்டுமே. அதை இந்த இரைச்சலிலிருந்து பிரித்தெடுப்பதில் பட்டப்படிப்பின் ஒரு தவணையே போகும்.

கடைசியாகப் புலம்பெயர்ந்த உறவுகளுக்கு. கனடாவிலிருந்து கப்பலேறும் பழைய மிசின்களின் பின்பலகையில் 120 வோல்ற்று, 60 ஹேர்ட்ஸ் என்றிருக்கும். இங்கே 230 வோல்ற்று, 50 ஹேர்ட்ஸ். நேரே செருகினால் வெப்பச் சுருளில் மூன்றரை மடங்குக்கு மேல் வலு பாய்ந்து கருகும். ட்ரான்ஸ்போமர் வாங்கிவிட்டால் சரி என்று நினைப்பார்கள். ட்ரான்ஸ்போமர் வோல்ற்றளவை மாற்றும், ஹேர்ட்ஸை மாற்றாது. 60இல் ஓடச் செய்த மோட்டர் 50இல் ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்து ஓடும். கொன்சன்ரேற்றரின் அமுக்கி அப்படி ஓடினால் அழுத்தம் குறைந்து ஒக்சிசன் வீதமும் விழும். பலகையில் 100–240 வோல்ற்று, 50/60 ஹேர்ட்ஸ் என்று இருந்தால் மட்டும் மேலே பேசலாம். அதற்குப் பிறகும் சேவைக் கையேடு இருக்கிறதா, சேவைக் கடவுச்சொல் கிடைக்குமா, மாற்றும் உதிரிப்பாகங்களும் ஒரு தடவை பாவிக்கும் குழாய்களும் இலங்கையில் விற்கிறார்களா என்று கப்பற்கூலி கட்டுமுன் கேட்க வேண்டும்.

கொள்கலன் அனுப்பும் காசில் ஒரு பகுதியை வைத்து மின்பாதுகாப்புச் சோதனைக் கருவி ஒன்றும், மின்னதிர்ச்சி கொடுத்து இதயத்தை மீட்கும் மிசினின் சக்தியை 50 ஓம் சுமையில் அளக்கும் கருவி ஒன்றும், நோயாளிபோல் நடிக்கும் சிமுலேற்றர் ஒன்றும் வாங்கிக் கொடுத்தால், மூன்றும் ஒரு பயணப் பெட்டிக்குள் அடங்கும். கிளிநொச்சியில் வைத்து நான்கு மாவட்ட வைத்தியசாலைகளுக்கும் முறைவைத்துக் கொண்டுபோகலாம், பொறியியல் பீட மாணவரும் கையோடு பழகலாம். அந்தக் கருவிகளும் வருடத்துக்கு ஒரு தடவை அளவுத்திருத்தத்துக்குப் போக வேண்டும், அந்தச் செலவையும் சேர்த்துத் தாருங்கள்.

இங்ஙனம்,
மருத்துவ உபகரணப் பராமரிப்பில் உள்ள சிலர்,
கிளிநொச்சி.